தனிக்குறில் முன் ஒற்று: குமரி மாவட்ட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், வட்டார வள மையங்களில் பயிற்சி அளிக்கும் ஆசிரியப் பயிற்றுநர்களுக்கும், நம் பள்ளிகளில் ஆங்கிலமும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் குலசேகரம் பகுதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வீட்டு வராந்தாவில் வந்திருந்து படிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் விடியும் முன்னே ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போய், மதியம் அந்தப் பாலை ரப்பர் ஷீட்டாக அடித்து முடித்துத்தான் வீடு திரும்புவார்கள். பிள்ளைகளின் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அந்த வேலை என்னிடம் வந்தது. தமிழைத் திருத்தத் தொடங்கிய நான் மெல்ல மெல்ல ஆங்கிலத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படிப் பார்த்ததில் மனத்தில் தங்கிவிட்ட ஒரே ஒரு செய்தியை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களில் ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறதே, அதைப் பற்றியது அச்செய்தி.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில், ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி 'என் தந்தை' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதிய பத்து வரிகளைக் கொண்டுவந்தாள். தன் அப்பா ஒரு ரப்பர் டாப்பர் (பால்வெட்டுபவர்) என்று மூன்றாவது வரியில் எழுத நினைத்தவள், 'டாப்பர்' என்ற சொல்லில் இரண்டு 'பி' வரவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டிருந்தாள். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'ஐம்பது முறை எழுது' என்ற கட்டளை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், இம்போசிஷன் முடிந்திருந்தது. எழுத்துகள் மேலிருந்து கீழாக ஒரே சாய்வில் இருந்ததைக் கண்டு, எப்படி எழுதினாய் என்று கேட்டேன். முதல் எழுத்தை ஐம்பது முறை கீழ்நோக்கி எழுதி, பிறகு மேலே வந்து இரண்டாம் எழுத்தை ஐம்பது முறை எழுதி, இப்படியே ஆறு வரிசைகளையும் முடித்தாளாம். அதாவது, அந்தச் சொல்லை அவள் ஒரு முறைகூட எழுதவில்லை. அடுத்த வாரத் தேர்வில் 'ஸ்டாப்பிங்' என்ற சொல்லில் மீண்டும் ஒரே ஒரு 'பி' போட்டாள். மீண்டும் ஐம்பது முறை.

ஒரு 'பி' விடுபட்டால் அச்சொல் என்னவாகும் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் அகராதியை எடுத்துக் காட்டினேன். ஒரு 'பி' மட்டும் இருந்தால் அதை 'டேப்பர்' என்று ஒலிக்க வேண்டும். மெல்லிய மெழுகுதிரிக்கும், நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதற்கும் அது பெயர். சிறுமி சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் அப்பாவ மெழுகுதிரின்னா எழுதியிருக்கேன், டீச்சர்?" என்று கேட்டாள். அதன்பின் இன்றுவரை அந்தச் சொல்லை அவள் தவறாக எழுதியதில்லை. ஐம்பது முறை எழுதியதால் வராத தெளிவு, பொருள் மாறுகிறது என்று அறிந்த ஒரு நொடியில் வந்தது.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் ஆங்கில நோட்டுகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். இரட்டை எழுத்தில் நேரும் பிழைகள் இரண்டு பக்கமாகவும் இருந்தன. வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை விட்டுவிடுவது ஒரு பக்கம். வேண்டாத இடத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிவிடுவது மறுபக்கம். 'பேப்பர்' என்பதன் நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'பி'தான். எங்கள் பிள்ளைகள் இரண்டு போடுகிறார்கள். 'வாட்டர்', 'ஹோட்டல்', 'மீட்டர்', 'போட்டோ', 'ஆட்டோ' எல்லாவற்றிலும் ஆங்கிலத்தில் ஒற்றை 'டீ'. பிள்ளைகளின் கையில் அது இரண்டாகிறது. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. தமிழில் உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பகரம் மென்மையாகவே ஒலிக்கும். 'பேபர்' என்று எழுதினால் 'குபேரன்' என்பதில் உள்ள ஒலிதான் வரும். வல்லொலி வேண்டுமானால் ஒற்றை இரட்டித்து எழுதுவதைத் தவிர நமக்கு வழியில்லை. அதனால்தான் நாம் 'பேப்பர்' என்றும் 'வாட்டர்' என்றும் எழுதுகிறோம், அப்படியே சொல்கிறோம். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளம் பயிலும் பிள்ளைகளும் பேப்பரை இரட்டித்தே எழுதுகிறார்கள். தன் எழுத்துமுறைக்கு உண்மையாக நடந்துகொண்ட குழந்தையைத்தான் நாம் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நாம் 'காபி' என்று ஒற்றையாகச் சொல்வதில் ஆங்கிலத்தில் இரண்டு 'எஃப்', இரண்டு 'ஈ'. 'ஆபீஸ்' என்பதில் இரண்டு 'எஃப்'. 'கலெக்டர்' என்பதில் இரண்டு 'எல்'. 'பலூன்' என்பதில் இரண்டு 'எல்', இரண்டு 'ஓ'. 'அட்ரஸ்' என்பதில் இரண்டு 'டி', இரண்டு 'எஸ்'. 'கமிட்டி' என்பதில் நாம் டகரத்தை மட்டும் இரட்டிக்கிறோம். அங்கே 'எம்', 'டீ', 'ஈ' மூன்றும் இரட்டை. ஆகவே, "வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுது" என்று வகுப்பில் நாம் வழக்கமாகத் தரும் அறிவுரை, இந்த ஓரிடத்தில் தமிழ்ப் பிள்ளையைத் தவறான பாதையில்தான் கொண்டுவிடும். சொல்லிப் பார்த்தால் அவன் காதில் விழுவது தமிழின் இரட்டிப்பு. ஆங்கிலத்தின் இரட்டிப்பு காதில் விழவே விழாது.

விழாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அந்த மெய்யின் மேல் நின்று ஒலித்துக் காட்டுகிறோம். இன்றைய ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் வரும் இரட்டை மெய்யை ஒலிப்பவர் ஒற்றையாகவே ஒலிக்கிறார். 'டின்னர்' என்று நாம் அழுத்திச் சொல்லும் சொல்லில் அவர்களுக்கு ஒரே ஒரு 'என்' ஒலிதான். அப்படியானால் இரண்டாவது எழுத்து எதற்காக நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். தனக்கு முன்னால் இருக்கும் உயிர் குறில் என்று காட்டுவதற்காக அது நிற்கிறது. ஒற்றை 'என்' இருந்தால் 'டைனர்', சாப்பிடுகிறவர். இரட்டை 'என்' இருந்தால் 'டின்னர்', அவர் சாப்பிடும் இரவு உணவு.

ஆசிரியப் பெருமக்களே, இந்த இடத்தில்தான் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. "தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்" என்ற விதியை உயர்நிலை வகுப்புகளில் புணர்ச்சி நடத்தும்போது நாம் எல்லோரும் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். தனியாக வரும் ஒரு குறிலை அடுத்து நிற்கும் மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது அதன் பொருள். கண்ணோடு அழகு சேர்ந்தால் கண்ணழகு. கல்லோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான். ஆனால் நாளோடு உம் சேர்ந்தால் நாளும். அங்கே நெடில் இருப்பதால் ஒற்று இரட்டவில்லை. அவனோடு ஐ சேர்ந்தால் அவனை; அங்கே தனிக்குறில் இல்லாததால் இரட்டவில்லை. கண்ணோடு மை சேர்ந்தால் கண்மை. வருவது மெய் என்பதால் இரட்டவில்லை. இப்போது ஆங்கிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரன்' என்பதோடு 'இங்' சேர்ந்தால் இரண்டு 'என்'. 'ரெயின்' என்பதோடு 'இங்' சேர்ந்தால் ஒற்றை 'என்'தான், ஏனென்றால் அங்கே உயிர் குறிலன்று. 'சாட்' என்ற துயரச் சொல்லோடு 'எர்' சேர்ந்தால் இரண்டு 'டி'; அதே சொல்லோடு மெய்யில் தொடங்கும் 'நெஸ்' சேர்ந்தால் ஒற்றை 'டி'. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தமிழுக்கு வகுத்த நூற்பா, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை திணறும் ஆங்கில எழுத்துக் கூட்டலுக்குப் பெரும்பாலும் அப்படியே பொருந்துவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னால் மறைக்க முடியவில்லை. அன்று மாலை வராந்தாவில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, தமிழ் நோட்டையும் ஆங்கில நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொன்னேன்.

விதியை முதலில் சொல்லவில்லை. 'ரப்' என்ற சொல்லை எழுதச் சொல்லி, அதற்கு அழுத்தித் தேய்ப்பது என்று பொருள் சொன்னேன். அதோடு 'எர்' சேர்த்தால் தேய்க்கும் பொருள். பென்சில் கோட்டை அழிக்க இது உதவுகிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி என்ற இங்கிலாந்து அறிஞர் 1770-ல் எழுதியதும், தேய்த்து அழிப்பதால் அப்பொருளுக்கு 'ரப்பர்' என்ற பெயர் நிலைத்ததும் சொன்னேன். பெற்றோர் தினமும் வெட்டிச் சிரட்டையில் வடிக்கும் பாலின் பெயர், தம் பென்சில் பெட்டிக்குள் கிடக்கும் அழிப்பானிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள். ரப்பில் ஒரு 'பி', ரப்பரில் நடுவே இரண்டு. 'டாப்' என்றால் துளையிட்டோ கீறியோ நீர்மத்தை வடியவிடுவது; அதில் ஒரு 'பி', டாப்பரில் இரண்டு, டாப்பிங்கிலும் இரண்டு. (தமிழில் எழுதுவதால் ரப்பரின் 'பி'யும் டாப்பரின் 'பி'யும் ஒன்றுபோல் தெரிகின்றன, முன்னது அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, பின்னது பதினாறாம் எழுத்து.) இனி அதே இடத்தில் ஒரு 'பி'யை எடுத்துவிட்டால் 'டேப்பிங்', ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் ஒலிப்பதிவு செய்வதும் ஆகிவிடும். அரைமணி நேரத்தில் பிள்ளைகளே விதியைச் சொன்னார்கள்: "குட்டையான சத்தம் வந்தா ரெண்டு போடணும் டீச்சர்."

இப்படிப் பொருள் மாறும் இணைகளை ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்றாகக் கொடுத்தேன். ஒற்றை 'பி' இருந்தால் 'ஹோப்பிங்', நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது. இரட்டை இருந்தால் 'ஹாப்பிங்', ஒற்றைக்காலில் நொண்டியடிப்பது. ஒற்றை 'டீ' இருந்தால் 'லேட்டர்', பிறகு. இரட்டை இருந்தால் 'லாட்டர்', இரண்டில் பின்னதாகச் சொன்னது. ஒற்றை 'எல்' இருந்தால் 'ஃபைலிங்', தாள்களைக் கோப்பில் சேர்ப்பது. இரட்டை இருந்தால் 'ஃபில்லிங்', நிரப்புவது. ஒற்றை 'ஆர்' இருந்தால் 'ஸ்டேரிங்', கண் கொட்டாமல் உற்றுப் பார்ப்பது. இரட்டை இருந்தால் 'ஸ்டாரிங்', படத்தில் முதன்மை வேடத்தில் நடிப்பது. 'கோமா' என்ற நினைவிழந்த நிலைக்கு ஒரு 'எம்'. 'கமா' என்ற காற்புள்ளிக்கு இரண்டு. பாட்டி மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறார் என்று விடுப்பு விண்ணப்பம் எழுதிய ஒரு பையன், பாட்டியைக் காற்புள்ளியில் படுக்க வைத்திருந்தான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் பாட்டியின் நிலையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து திருத்தினேன்.

ஆங்கிலத்துக்கு இந்த இரட்டை எழுத்து எப்படி வந்தது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிதாகும். ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் நம்மைப் போல் மெய்யின் மேல் நின்று ஒலித்தார்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸுனு' என்றால் மகன், 'ஸுன்னெ' என்றால் சூரியன்; ஒற்றை னகரத்துக்கும் இரட்டை னகரத்துக்கும் இடையே அவ்வளவு பொருள் வேறுபாடு. பின்னர் நெடுங்காலப் போக்கில் அந்த ஒலி வேறுபாடு அவர்கள் நாவிலிருந்து மறைந்துவிட்டது. எழுத்தில் இருந்த இரட்டை மட்டும், முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டும் அடையாளமாக வேலை மாறி நின்றுவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் லிங்கன்ஷயர் பகுதியில் வாழ்ந்த ஆர்ம் என்ற துறவி, குறிலுக்குப் பின் வரும் மெய்யை இரட்டித்து எழுதுவதைத் தன் நூல் முழுவதும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தார். தன் நூலைப் படியெடுப்பவர் தான் இருமுறை எழுதிய எழுத்தை இருமுறையே எழுத வேண்டும் என்று முன்னுரையில் கேட்டுக்கொள்ளவும் செய்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதற்காகக் கவலைப்பட்டிருக்கிறார் என்று சொன்னபோது, என் பிள்ளைகள் அந்தத் துறவியின் பெயரைச் சுவரில் எழுதி வைத்தார்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. ஈரசைச் சொற்களில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒற்று இரட்டும். 'பிகின்' என்பதில் அழுத்தம் கடைசி அசையில்; ஆகவே 'பிகினிங்' என்பதில் இரண்டு 'என்'. 'ஓப்பன்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். ஆகவே 'ஓப்பனிங்' என்பதில் ஒன்று. 'ரெஃபர்' என்பதன் இறந்தகாலத்தில் 'ஆர்' இரட்டுகிறது. 'ஆஃபர்' என்பதன் இறந்தகாலத்தில் இரட்டவில்லை. 'ரெஃபரன்ஸ்' என்ற சொல்லில் அழுத்தம் முன்னுக்குப் போய்விடுவதால் மீண்டும் ஒற்றை 'ஆர்'. தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடாது. அழுத்தம் விழும் அசையில் மட்டும் பலகையைத் தட்டச் சொல்லிப் பழக்கினேன். சிலருக்குப் பத்து நாளாயிற்று, சிலருக்கு இன்னும் வரவில்லை.

இரட்டை எழுத்து வேறொரு வழியிலும் ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. தமிழாசிரியர்களாகிய நமக்கு அது இன்னும் நெருக்கமானது. கன்னியாகுமரி ஊருக்குள் பேருந்தை விட்டு இறங்கி, கடற்கரை நோக்கி நடந்தால் தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் 'அக்காமடேஷன்' என்ற சொல்லைக் காணலாம். அதில் இரண்டு 'சி', இரண்டு 'எம்' வரவேண்டும். ஏதேனும் ஒன்றை விழுங்கிவிட்ட பலகைகளை நானே பார்த்திருக்கிறேன். இரண்டிலும் ஏன் இரட்டை என்பதற்கு இலத்தீன் விடை தருகிறது. 'மோதுஸ்' என்றால் அளவு. அதன் முன் 'கொம்' என்ற ஒட்டுச் சேரும்போது மகரமும் மகரமும் சந்தித்து, நம் 'தம்மக்கள்' போல இரட்டை 'எம்' உண்டாகிறது. அதற்கும் முன்னால் 'அத்' என்ற ஒட்டு வந்து சேரும்போது, அதன் ஈற்று மெய் தனக்குப் பின் வரும் ககர ஒலியைக் கண்டு தானும் அதுவாகவே மாறி, இரட்டை 'சி' உண்டாகிறது. 'பல்' என்பதோடு 'நாடு' சேர்ந்து 'பன்னாடு' ஆவதை நடத்தும் ஆசிரியருக்கு இது புதிய பாடமே அன்று. சட்டப்படியான என்று பொருள்படும் 'லீகல்' முன்னே 'இன்' வந்தால் 'இன்லீகல்' ஆகாமல் 'இல்லீகல்' ஆவதும், 'ரெகுலர்' முன்னே அதே 'இன்' வந்து 'இர்ரெகுலர்' ஆவதும், 'மார்ட்டல்' முன்னே வந்து 'இம்மார்ட்டல்' ஆவதும் புணர்ச்சி விகாரம் அன்றி வேறென்ன? கலெக்டருக்கு இரண்டு 'எல்' வந்ததும் 'கொம்' என்ற அதே ஒட்டு, 'திரட்டு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் லகரத்தோடு சேர்ந்து மாறியதால்தான்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தை எண்ண வேண்டியதில்லை. 'டிஸ்' என்பதோடு 'அப்பியர்' சேர்ந்தால் ஒரு 'எஸ்'. அதே 'டிஸ்' என்பதோடு 'சாட்டிஸ்ஃபை' சேர்ந்தால் இரண்டு. எழுத்துப்பிழையைக் குறிக்கும் 'மிஸ்ஸ்பெல்' என்ற சொல்லில் இரண்டு 'எஸ்' வருவதும் 'மிஸ்' என்பதையும் 'ஸ்பெல்' என்பதையும் பிரித்துப் பார்த்தால் தானே தெரியும். கணக்கு எழுதுபவரைக் குறிக்கும் 'புக்கீப்பர்' என்ற சொல்லில் 'ஓ', 'கே', 'ஈ' என்று மூன்று இரட்டைகள் அடுத்தடுத்து வருகின்றன. 'புக்' என்றும் 'கீப்பர்' என்றும் பிரித்தால் அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

சின்னச் சொற்களில் ஒன்றைச் சொல்லி மேலே செல்கிறேன். பெயராகவோ வினையாகவோ தனிப்பொருள் தரும் சொல்லுக்குக் குறைந்தது மூன்று எழுத்தாவது வேண்டும் என்ற ஒரு போக்கு ஆங்கிலத்தில் உண்டு. 'உள்ளே' என்று பொருள்படும் 'இன்' இரண்டு எழுத்தோடு நின்றுவிடுகிறது. விடுதியைக் குறிக்கும் 'இன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு 'என்' வேண்டியிருக்கிறது. 'இரு' என்னும் பொருள் தரும் 'பீ'க்கு ஒரு 'ஈ' போதும். மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் தேன் சேர்க்கும் 'பீ'க்கு இரண்டு. முட்டையைக் குறிக்கும் 'எக்' என்பதில் இரண்டு 'ஜி', கூட்டலைக் குறிக்கும் 'ஆட்' என்பதில் இரண்டு 'டி', ஒற்றைப்படையைக் குறிக்கும் 'ஆட்' என்பதிலும் இரண்டு 'டி' வருவதற்கும் இதுவே காரணம்.

விதிக்கு அடங்காதவற்றை மறைத்துவிட்டு விதியை மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம் மேல் வைத்த நம்பிக்கை போய்விடும். 'ஹாபிட்', 'மாடல்', 'கேபின்', 'லெமன்' போன்ற, பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் வழியாகவும் வந்த பல சொற்களில் குறிலுக்குப் பின்னும் ஒற்றை மெய்யே இருக்கிறது. பேருந்தைக் குறிக்கும் 'பஸ்' என்பதன் பன்மையில் 'எஸ்' இரட்டுவதில்லை. 'டபிள்யூ', 'எக்ஸ்', 'ஒய்' ஆகியவை இரட்டுவதில்லை. 'வி' இரட்டுவது மிக அரிது. பழந்தமிழிலும் எல்லா மெய்யும் தம்மோடு தாம் மயங்கும் என்று சொன்ன தொல்காப்பியம், ரகரத்தையும் ழகரத்தையும் விலக்கியே சொன்னது. அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் கூறுகிறது. அந்த அதங்கோடு நம் மாவட்டத்து அதங்கோடுதான் என்று இங்குள்ளோர் காலங்காலமாகப் போற்றி வருகிறார்கள். விதியையும் விதிவிலக்கையும் ஒருசேரக் கேட்டுத் திருத்திய ஆசிரியரின் ஊர் இது என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு.

இன்னொன்று, கணினியில் தட்டச்சு செய்யும் மேல்நிலைப் பிள்ளைகளுக்காக. பயணியைக் குறிக்கும் 'டிராவலர்' என்பதில் நம் பாடநூல்கள் பின்பற்றும் பிரித்தானிய முறையில் இரண்டு 'எல்'. அமெரிக்க முறையில் ஒன்று. நோவா வெப்ஸ்டர் 1806-லும் 1828-லும் வெளியிட்ட அகராதிகள் அந்நாட்டு எழுத்து முறையை வேறு பாதையில் செலுத்தியதன் பயன் இது. பாடநூலில் உள்ளபடி எழுதிய பிள்ளையின் சொல்லுக்குக் கீழே கணினி சிவப்புக் கோடு போட்டால், பிழை பிள்ளையுடையது அன்று.

நம் ஊர்ப் பெயர்களையும் வகுப்பில் பயன்படுத்தலாம். முட்டம், கோட்டாறு, கொட்டாரம், வட்டக்கோட்டை என எத்தனை ஊர்களின் ஆங்கிலப் பலகையில் இரட்டை 'டீ' நிற்கிறது! அந்த இரட்டை, நம் ஒலியைக் காட்டுவதற்காகப் போட்டது. அதே எழுத்தை வெளிநாட்டுப் பயணி ஒற்றையாகவே வாசிப்பார். குளச்சலின் இரட்டைச் சகரமோ ஆங்கில எழுத்தில் இடம்பெறவே இல்லை. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதைப் பெரியவர்களே அப்போது உணர்ந்தோம். அதே கடினத்தைத்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு நாளும் தனியாகச் சுமக்கிறது.

முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களே, என் வேண்டுகோள்கள் பெரிய செலவு வைப்பவை அல்ல. குறுவள மையப் பயிற்சிகளில் ஒரு முறையேனும் தமிழாசிரியர்களையும் ஆங்கில ஆசிரியர்களையும் ஒரே அறையில் அமர்த்தி, ஒற்று இரட்டும் இந்த ஒரு பாடத்தை இருவரும் சேர்ந்து தயாரிக்கச் செய்யுங்கள். ஆங்கில ஆசிரியருக்கு அழுத்தமும் உயிரொலியும் தெரியும். தமிழாசிரியருக்குப் புணர்ச்சி தெரியும். பிள்ளை இருவரிடமும் தனித்தனியாகக் கற்று, இரண்டையும் இணைக்காமலே பள்ளியை விட்டுப் போகிறது. டிக்டேஷன் நோட்டில் இரட்டை எழுத்துப் பிழையைத் திருத்தும்போது, நீ எழுதியபடி வாசித்தால் என்ன சொல் வரும், அதற்கு என்ன பொருள் என்று கேட்டு, விடையை ஒரு வரியில் எழுத வைக்குமாறு ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். ஐம்பது முறை, நூறு முறை எழுதும் தண்டனையை இந்தப் பிழைக்காகவாவது நிறுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கு மேல் எழுத்தறிவு பெற்று மாநிலத்தில் முன்னணியில் நின்ற மாவட்டம் இது. கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் இப்பகுதிக்கு வந்து மயிலாடியில் பணியைத் தொடங்கிய நாளிலிருந்து ஆங்கிலக் கல்வியோடு நமக்கு இருநூறு ஆண்டுத் தொடர்பு இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் நம் பிள்ளை ஓர் எழுத்தை ஏன் இரண்டு முறை எழுதுகிறோம் என்று அறியாமலே எழுதுவது எனக்குத் தாங்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வேலைச்சுமையை நான் அறியாதவள் அல்லள். பதிவேடுகளும் செயலிகளில் ஏற்ற வேண்டிய விவரங்களும் எவ்வளவு நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்று பணியில் இருக்கும் என் முன்னாள் மாணவர்கள் சொல்லக் கேட்கிறேன். அதனால் இந்த வேலையில் என் பங்கையும் செய்து வைத்திருக்கிறேன். பொருள் மாறும் இணைகள் நூற்றுப் பத்தை, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருளும், பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் சேர்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதியிருக்கிறேன். அதில் முதல் பக்கத்து வாக்கியங்களை அந்த ஆறாம் வகுப்புச் சிறுமிதான் எழுதினாள். இப்போது ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வேண்டுவோர் எந்த மாலையிலும் வந்து பார்க்கலாம், படியெடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் பால்வெட்டு இருக்காது என்பதால் பெற்றோரும் அந்நேரத்தில் வராந்தாவில் இருப்பார்கள். அவர்களோடும் நீங்கள் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
குலசேகரம்.